பாலக்கரையில் கேட்டது

திருச்சிராப்பள்ளிச் சந்திப்பு இரயில் நிலையத்தருகே நகரப் பேருந்தில் ஏறி மலைக்கோட்டைப் பக்கம் செல்பவர்கள், சிறிது நேரத்திற்கெல்லாம் நடத்துனர் "பாலக்கரை, பாலக்கரை" என்று இருமுறை கூவுவதைக் கேட்டிருப்பார்கள். ஒருமுறை கூவினால் அவ்விடத்தில் எவர் செவிக்கும் எட்டாது. காந்தி மார்க்கெட்டுக்குச் சுமையேற்றிச் செல்லும் வண்டிகள் ஒருபுறம்; ஆட்டோக்களின் ஆரவாரம் மறுபுறம். தேநீர்க் கடையில் குவளைகள் மோதும் ஓசை, பட்டறையில் இரும்பு தட்டும் ஓசை, தண்டவாளத்தில் கடந்து செல்லும் இரயிலின் ஊதல், பள்ளிவாசலின் தொழுகை அழைப்பு, கோவில் மணி ஆகிய யாவும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும் இடம் அது.

அந்த இரைச்சலின் நடுவே உலக மீட்பர் பசிலிக்கா நிற்கிறது. 2006-ஆம் ஆண்டில் அதற்குப் பசிலிக்கா என்னும் சிறப்பு வழங்கப்பட்டது. ஆயினும் ஊரார் இன்றும் அதைச் 'சகாய மாதா கோவில்' என்றே வழங்குகின்றனர். கத்தோலிக்கர் மட்டுமன்றிப் பிற சமயத்தவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து, ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுச் சிறிது நேரம் நின்று செல்லும் இடம்.

இறைவனின் குரலைக் கேட்க வேண்டுமாயின் மலைக்கோ வனத்திற்கோ செல்ல வேண்டும் என்று எண்ணுவோர் நம்மில் பலர். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அறுபது வயதைக் கடந்த பின்னர், சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை, இந்தப் பாலக்கரை இரைச்சலுக்குள்தான் எனக்கு அந்தப் பாடத்தின் முதல் எழுத்து கற்பிக்கப்பட்டது. கற்பித்தவர் குருவானவரும் அல்லர், கன்னியரும் அல்லர். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி.

விண்ணப்பத் தாள்

சகாய மாதா திருப்படத்தை நம் இல்லங்களில் பலரும் வைத்திருக்கிறோம். அதன் மூல ஓவியம் உரோமையில் புனித அல்போன்சு ஆலயத்தில் உள்ளது. திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரின் விருப்பப்படி அது இரட்சகர் சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டு, 1866-ஆம் ஆண்டு அங்கே மக்களின் வணக்கத்திற்கு வைக்கப்பட்டது. வானதூதர்கள் ஏந்தி நிற்கும் சிலுவையையும் பாடுகளின் கருவிகளையும் கண்டு அஞ்சிய குழந்தை இயேசு, ஓடிவந்து அன்னையின் கரத்தை இரு கைகளாலும் பற்றிக் கொண்டிருக்கிறார். ஓடிவந்த வேகத்தில் ஒரு காலணி அவிழ்ந்து தொங்குகிறது. அன்னையின் பார்வையோ நம்மீது பதிந்திருக்கிறது. அவருடைய வாய் மிகச் சிறியது, மூடியிருப்பது. "நீ சொல், நான் கேட்கிறேன்" என்பது போன்ற முகம்.

அந்த முகத்தின் முன்னே நான் மூன்று ஆண்டுகளாகச் சொல்லிக் கொண்டேயிருந்தேன். வாரந்தோறும் ஒரே விண்ணப்பம். என் மூத்த மகன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திருப்பூருக்குச் சென்று ஒரு பனியன் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். செல்லும்முன் வீட்டில் பெரும் வாக்குவாதம் நிகழ்ந்தது. அன்று பேசியவன் பெரும்பாலும் நானே. அதன்பின் அவன் தாயுடன் மட்டும் கைப்பேசியில் பேசுவான். நான் வாங்கிப் பேசினால், "சாப்பிட்டீங்களாப்பா?" என்பான், "சாப்பிட்டேன்" என்பேன். உரையாடல் அதோடு முடிந்துவிடும். "அம்மா தாயே, என் மகனின் மனத்தை மாற்றும், அவனைப் படிப்பிற்குத் திருப்பும்" என்று எழுதி எழுதிப் பெட்டியில் இட்டேன். நவநாள் செபத்தில் மற்றவர்களின் விண்ணப்பங்கள் வாசிக்கப்படும்போது, என்னுடையது எப்போது வரும் என்ற எண்ணமே எனக்கு. வேலை வேண்டுவோர், குழந்தைவரம் வேண்டுவோர், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் என்று வரிசையாக வந்த துன்பங்கள் பாலக்கரைப் பேருந்துகளைப் போல என் செவியருகே கடந்து சென்றன. ஒன்றேனும் என்னிடம் நின்றதில்லை.

அந்தப் புதன்கிழமை நவநாள் தொடங்குவதற்குச் சற்று முன்னர், என் பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒரு தாளை நீட்டினார். வெளுத்த நூற்சேலை, கையில் தேய்ந்துபோன செபமாலை.

"தம்பி, எனக்கு எழுதத் தெரியாது. கொஞ்சம் எழுதித் தர்றீங்களா?"

"சொல்லுங்கம்மா."

அவருடைய மகன் ஐந்து ஆண்டுகளாக வீட்டுக்கு வருவதில்லையாம். அடுத்து வரவேண்டிய சொற்கள் எனக்குத் தெரியுமே! நான் தயங்காமல் "என் மகன் மனம் திரும்பி வீடு வந்து சேர" என்று எழுதத் தொடங்கிவிட்டேன். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினேன். மூதாட்டி தலையை அசைத்தார்.

"அப்படி இல்ல தம்பி. அதை அடிச்சுருங்க. போறதுக்கு முன்னாடி அவன் ஏதோ சொல்ல வந்தான். நான் கேக்கல. இனிமே அவன் வந்தா, அதைக் கேக்கறதுக்கு எனக்குப் பொறுமை வேணும்னு எழுதுங்க. அது போதும்."

நான் எழுதியதை அடித்துவிட்டு, அவர் சொன்னதை எழுதினேன். அவர் தாளை வாங்கி மடித்து, பெட்டியில் இட்டுவிட்டு வந்து அமைதியாக அமர்ந்தார். என் சட்டைப் பையில் என்னுடைய விண்ணப்பமும் இருந்தது. அன்று அதை நான் பெட்டியில் இடவில்லை.

ஒரே சொல்

நம் தாய்மொழியில் 'கேள்' என்பது வியப்புக்குரிய சொல். ஒருவரிடம் ஒன்றை வேண்டுவதும் கேட்டலே. ஒருவர் சொல்வதற்குச் செவிகொடுப்பதும் கேட்டலே. பழந்தமிழில் 'கேள்' என்றால் உறவினர் என்றும் பொருள். வேண்டுதல், செவிமடுத்தல், உறவு ஆகிய மூன்றையும் நம் முன்னோர் ஒரே சொல்லுக்குள் வைத்தனர். வள்ளுவரோ பொருட்பாலில் கல்வியையும் கல்லாமையையும் பற்றிப் பேசியபின், அறிவுடைமைக்குச் செல்லும்முன், 'கேள்வி' என்று தனி அதிகாரமே வகுத்தார். கற்றவனும் கேட்டல் என்னும் வாயிலைக் கடந்தே அறிவை அடைய வேண்டும் என்பது அவ்வரிசையிலிருந்து நாம் பெறும் பாடம்.

தமிழ் விவிலியத்தில் ஆண்டவர் நம்மை வேண்டச் சொல்லும் இடத்திலும் 'கேள்' என்னும் சொல்லே வருகிறது. செவியுள்ளவர்களை அழைக்கும் இடத்திலும் அதுவே வருகிறது. நாம் முதற் பொருளை மட்டும் இறுகப் பற்றிக் கொண்டோம். இரண்டாவதை விட்டுவிட்டோம். ஆகவே மூன்றாவதாகிய உறவும் தளர்ந்து போகிறது. இறைவனோடு மட்டுமன்று, இல்லத்தாரோடும் அப்படியே.

திருமுழுக்கின்போது நடப்பதை நினைத்துப் பாருங்கள். 'எப்பேத்தா' என்னும் சடங்கில் குருவானவர் குழந்தையின் செவிகளையும் வாயையும் தொட்டு, அவை திறக்கப்பட வேண்டும் என்று செபிக்கிறார். செவியே முதலில், வாய் அதன் பின்னரே. நாமோ நாவால் செபிக்கக் குழந்தைக்கு விரைவில் கற்றுக் கொடுத்துவிடுகிறோம். செவியால் செபிக்கக் கற்றுக் கொடுப்பவர் எத்தனை பேர்?

வாய்க்கால் பாலத்தில்

நவநாள் முடிந்ததும் பேருந்துக்குக் காத்திராமல் நடந்தேன். பாலக்கரை வழியே உய்யக்கொண்டான் வாய்க்கால் செல்கிறது. சோழர் காலத்தில் வெட்டப்பட்ட இவ்வாய்க்கால், பேட்டைவாய்த்தலை அருகே காவிரியிலிருந்து பிரிந்து, நகரத்தின் ஊடே நுழைந்து, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடி, கிழக்கே வாழவந்தான்கோட்டை ஏரியில் சேருகிறது. ஆயிரம் ஆண்டுகளாக வயல்களுக்கு நீர் கொடுத்து வந்திருக்கிறது. இன்று நகரத்தின் கழிவையும் சுமந்து செல்கிறது. பாலத்தின் மீது நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடந்து செல்கின்றனர். கீழே நீர் ஓடுவதை எவரும் கேட்பதில்லை.

நான் பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றேன். தவக்காலமாதலால் நீர் மெலிந்திருந்தது. முதலில் வண்டிகளின் ஓசையன்றி வேறொன்றும் கேட்கவில்லை. சற்று நேரம் அசையாமல் நின்றபின், ஒரு கல்லை ஒட்டி நீர் சலசலப்பது மெல்லக் காதில் விழுந்தது. இரைச்சல் ஒரு சிறிதும் குறைந்துவிடவில்லை. நான் நின்றதொன்றே வேறுபாடு.

ஓரேபு மலையில் இறைவாக்கினர் எலியாவுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் ஆண்டவர் இல்லை. அவற்றின் பின் வந்த மெல்லிய ஒலியிலேயே எலியா தம் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்து நின்றார். அந்த வரலாற்றைவிட, அன்று பாலத்தின் மீது எனக்கு நினைவு வந்தது சிறுவன் சாமுவேலின் வரலாறு.

இரவில் ஆண்டவர் சாமுவேலை அழைக்கிறார். சிறுவன் எழுந்து, பார்வை மங்கிய முதிய குரு ஏலியிடம் ஓடுகிறான். "நான் அழைக்கவில்லை, போய்ப் படுத்துக்கொள்" என்கிறார் அவர். மூன்று முறை இவ்வாறு நடந்த பிறகே, அழைப்பவர் ஆண்டவர் என்று முதியவர் உணர்ந்து, எவ்வாறு மறுமொழி கூறவேண்டும் எனக் கற்பிக்கிறார். இதைச் சாமுவேலின் அறியாமை என்று பலகாலம் எண்ணியிருந்தேன். அன்று வேறு விதமாகத் தோன்றியது. இறைவனின் குரல் வீட்டிலிருந்த ஒரு கிழவரின் குரலைப் போலவே ஒலித்தது! உறக்கத்திலும் அந்தக் கிழவரின் குரலுக்கு எழுந்து ஓடும் பழக்கம் அச்சிறுவனிடம் இருந்தது. அப்பழக்கம் இல்லாதிருந்தால் ஆண்டவர் அழைத்தபோது அவன் எழுந்திருக்கவே மாட்டான். மனிதரின் குரலுக்கு எழுந்தவனே இறைவனின் குரலுக்கும் எழுந்தான்.

கேளாமற் போன காலமும் கேட்ட செவிகளும்

பாலக்கரையிலிருந்து மேலப்புதூர் தூய மரியன்னை பேராலயம் நடந்து செல்லும் தொலைவில்தான் இருக்கிறது. அங்குச் செல்லும் வழியில் இவ்வூர்த் திருச்சபையின் வரலாறு மனத்தில் ஓடியது. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பிறகு, இப்பகுதி இறைமக்களைக் கோவாவிலிருந்து வந்த குருக்கள் பேணி வந்தனர். 1838-இல் இயேசு சபையார் மதுரை மறைப்பணித் தளத்திற்கு மீண்டும் வந்தபோது, போர்த்துக்கல் அரசரின் ஞானாதரவு உரிமையின் கீழிருந்தோருக்கும் உரோமையிலிருந்து நேரடியாக அனுப்பப்பட்டோருக்கும் இடையே பூசல் எழுந்தது. திருச்சிராப்பள்ளியும் அப்பூசலுக்குத் தப்பவில்லை. ஒரே நற்கருணையை உட்கொண்டவர்கள் ஒருவர் கோவிலில் மற்றவர் நுழையாதிருந்த காலமும் இருந்தது. இரு தரப்பாரும் செபிக்காமல் இருந்திருப்பார்களா? செபித்தார்கள். ஆயினும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 2021 முதல் 2024 வரை திருத்தந்தை பிரான்சிசு நடத்திய ஆயர் மாமன்றம், பங்குகள்தோறும் மக்கள் ஒருவருக்கொருவர் செவிகொடுக்கும்படி வற்புறுத்தியதன் அருமை இத்தகைய வரலாற்றை நினைத்தால் நன்கு விளங்கும்.

அதே நூற்றாண்டில் இதே ஊரில் நன்றாகக் கேட்ட செவிகளும் இருந்தன. இளம் வயதில் கணவனை இழந்த பெண்கள் வீட்டின் பின்கட்டில் அடைபட்டு வாழ்ந்த காலம் அது. 1858-ஆம் ஆண்டில், தாமே இளம் கைம்பெண்ணாகிய அன்னம்மாள், அத்தகைய பெண்களைக் கொண்டே திருச்சியில் ஒரு துறவற இல்லத்தைத் தொடங்கினார். இன்று திருச்சி புனித அன்னாள் சபை என்று நாம் அறிந்திருப்பது அதுவே. பின்கட்டு அழுகை அக்காலத்தில் எல்லார் வீட்டிலும் கேட்டதுதான். 'வழக்கம்' என்று ஊரார் கடந்து சென்ற அந்த ஓசையில் அவர் அழைப்பைக் கேட்டார் என்று நான் எண்ணுகிறேன்.

திருச்சியிலிருந்து காவிரிக்கரை வழியே மேற்கே சென்றால், குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் என்னும் சச்சிதானந்த ஆசிரமம் உள்ளது. பிரான்சு நாட்டிலிருந்து 1939-இல் வந்து, திருச்சி மறைமாவட்டத்தின் சிற்றூர்களில் பங்குப் பணி செய்த மொன்சானின் அடிகளும், பெனடிக்டின் துறவியாகிய லெ சோ என்ற அபிசிக்தானந்தரும் 1950-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் அதனைத் தொடங்கினர். 1968-இல் பீட் கிரிபித்சு அடிகள் அங்கு வந்து, 1993-இல் இறக்கும்வரை அதனை வழிநடத்தினார். புனித பெனடிக்டு எழுதிய துறவற ஒழுங்கின் முதற் சொல்லே 'கேள்' என்பதுதான். அச்சொல்லை மேலை நாட்டிலிருந்து சுமந்து வந்தவர்கள், காவிரிக்கரைத் தோப்பில் அமர்ந்து, இந்நாட்டு முனிவர்களின் மௌனத்திற்கும் செவிகொடுத்தனர். இறைவனைக் கேட்பது இவ்வளவு பெரிய தவம்.

ஆனால் சம்சாரிகளாகிய நாம் சாந்திவனத்திற்கு எத்தனை நாள் செல்ல இயலும்? குக்கரின் ஊதலுக்கும் தொலைக்காட்சியின் இரைச்சலுக்கும் இடையே, நம் பாலக்கரையிலேயே நாம் கேட்டாக வேண்டும்.

வீட்டில் எப்படி?

அன்று முதல் நான் கடைப்பிடிக்கத் தொடங்கியவற்றை இங்கே கூறுகிறேன். பெரிய சாதனை எதுவுமில்லை, எவராலும் இயலும்.

முதலாவது, திருப்பலியில் ஒரு வாசகத்தையேனும் முழுமையாகக் கேட்பது. நம் பாட்டன்மார் இலத்தீன் மொழியில் பூசை கண்டனர். ஒன்றும் புரியாமலே மணிக்கணக்கில் முழந்தாளில் நின்றனர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் நாம் நம் தாய்மொழியில் இறைவார்த்தையைக் கேட்கிறோம். 1965-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் அச்சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கம், விசுவாசிகள் அனைவரும் திருநூலை அடிக்கடி வாசித்துப் பழகும்படி வேண்டியது. அவ்வளவு பெரும் பேற்றை நாம் விசிறியைத் தேடுவதிலும் தாமதமாக வருவோரைத் திரும்பிப் பார்ப்பதிலும் வீணாக்குகிறோம். இப்பொழுது நான் நற்செய்தியிலிருந்து ஒரே ஒரு சொல்லையாவது எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறேன். சந்தைக்குச் செல்லும்போதும் குடிநீருக்காக வரிசையில் நிற்கும்போதும் அது உடன் வருகிறது.

இரண்டாவது, செபத்தின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் எதுவும் சொல்லாமல் அமர்வது. முதல் வாரம் இது பெரும் துன்பமாயிருந்தது. பால் கணக்கு, வீட்டுவரி, முழங்கால் வலி ஆகிய யாவும் அந்த ஐந்து நிமிடத்திற்காகவே காத்திருந்தாற்போல் வந்து சேர்ந்தன. அவற்றோடு போராட வேண்டாம். ஒவ்வொன்றையும் ஆண்டவரிடம் காட்டிவிட்டு மீண்டும் அமைதிக்குத் திரும்புவதே செபம் என்று எங்கள் பங்குத்தந்தை அறிவுறுத்தினார்.

மூன்றாவது, இரவில் ஆன்ம சோதனை. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஏற்பளித்த புனித இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளில் இதற்கு ஐந்து படிகள் உண்டு: நன்றி கூறுதல், ஒளி வேண்டுதல், நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், மறுநாளுக்கு உறுதி கொள்ளுதல். நாளைத் திரும்பிப் பார்க்கும்போது, "இன்று யார் பேச வந்தபோது நான் முகம் திருப்பினேன்?" என்ற ஒரு கேள்வியை நான் சேர்த்துக் கொண்டேன். அந்தக் கேள்விக்கு விடையில்லாத நாள் இதுவரை வாய்க்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. உள்ளத்தில் எழும் ஒவ்வொரு குரலும் இறைவனின் குரலன்று. நம் கோபமும் அச்சமும் பெருமையும் பக்திமொழியில் பேச வல்லவை. "மகனைக் கண்டிப்பது என் கடமை" என்று என் உள்ளம் சொன்னபோது அதை இறைவனின் குரல் என்றே நான் நம்பினேன். ஆகவே கேட்டதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அது திருநூலுக்கும் திருச்சபையின் போதனைக்கும் இசைகிறதா? அன்பை வளர்க்கிறதா, வெறுப்பை வளர்க்கிறதா? நிலைத்த அமைதியைத் தருகிறதா, சிறிது நேர வெற்றிக் களிப்பை மட்டும் தந்து கசப்பில் முடிகிறதா? நம்பகமான குருவிடமோ முதிர்ந்த ஒருவரிடமோ சொன்னால் அவர் என்ன கூறுகிறார்? சாமுவேலுக்கும் ஓர் ஏலி தேவைப்பட்டார் என்பதை மறத்தலாகாது.

திருப்பூரில்

உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரம் நான் திருப்பூருக்குச் சென்றேன். "புத்தி சொல்லப் போகிறீர்களா?" என்று மனைவி கவலையோடு கேட்டாள். "இல்லை, கேட்கப் போகிறேன்" என்றேன். அவள் நம்பவில்லை. முப்பது ஆண்டுகளாக என்னை அறிந்தவள் அல்லவா?

மகன் நண்பர் மூவருடன் ஒரே அறையில் தங்கியிருந்தான். மாலையில் வேலை முடிந்து வந்ததும், இருவரும் மொட்டை மாடியில் அமர்ந்தோம். "சாப்பிட்டீங்களாப்பா?" என்றான். "சாப்பிட்டேன்" என்றேன். வழக்கம்போல் அங்கேயே நின்றது. கீழே தெருவில் தையல் இயந்திரங்களின் ஓசை இடைவிடாமல் கேட்டுக் கொண்டிருந்தது. என் நாவில் எத்தனையோ சொற்கள் வந்து முட்டின. மூதாட்டியின் விண்ணப்பத்தை நினைத்துக் கொண்டு பேசாதிருந்தேன். வெகுநேரம் கழித்து அவனே தொடங்கினான்.

படிப்பில் அவனுக்கு வெறுப்பு இருந்ததில்லையாம். இரண்டாம் ஆண்டிலேயே பாடங்கள் கைமீறிப் போய்விட்டன. தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்தால் கை நடுங்கும். இரவில் தூக்கம் வராது. எவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தவித்திருக்கிறான்.

"ரெண்டு நாள் ராத்திரி உங்க அறை வாசல் வரைக்கும் வந்தேம்பா. நீங்க செபமாலை சொல்லிக்கிட்டிருந்தீங்க. இடையில பேச மனசு வரல. திரும்பிப் போயிட்டேன்."

'உனக்காகத்தானடா சொல்லிக் கொண்டிருந்தேன்' என்று கூற வாயெடுத்தேன். அதையும் விழுங்கிவிட்டேன். அது என் நியாயம். அன்று பேசவேண்டியது அவன் நியாயம். சாமுவேல் எழுந்தான். நான் எழவில்லை. ஆண்டவரோடு பேசிக் கொண்டிருப்பதாக எண்ணியே எழாதிருந்தேன்.

அவன் மேலும் ஒரு மணி நேரம் பேசினான். நான் கேட்டேன். அவ்வளவே நடந்தது.

மீண்டும் பாலக்கரை

இக்கட்டுரையின் முடிவில் ஒரு புதுமை நிகழ்ந்ததாக எழுத எனக்கு ஆசைதான். ஆனால் என் மகன் படிப்பிற்குத் திரும்பவில்லை. திருப்பூரிலேயே வேலை செய்கிறான். மாதம் ஒருமுறை வீட்டிற்கு வருகிறான். வந்தால் என்னருகே சிறிது நேரம் உட்காருகிறான். தூக்கமின்மைக்கு மருத்துவரைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறான். கைப்பேசியில் "சாப்பிட்டீங்களாப்பா?" என்பதற்குப் பிறகும் பேச்சு தொடர்கிறது. படிப்பைப் பற்றிய ஏக்கம் என் நெஞ்சில் இன்னும் முற்றாகத் தீரவில்லை. அதை மறைப்பானேன்?

செபமாலையை நான் விட்டுவிடவில்லை. அறைக் கதவை மட்டும் இப்போது திறந்து வைத்துக்கொள்கிறேன். இளைய மகளோ மனைவியோ வாசலில் நின்றால் மணியை விரலில் பிடித்தபடியே எழுந்து செல்கிறேன். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். கானா ஊர்த் திருமண வீட்டில் குறையைத் தாமே கண்டறிந்த அன்னை இதனால் மனம் வருந்துவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமைகளில் பாலக்கரைக்கு இன்னமும் செல்கிறேன். அந்த மூதாட்டியை அதன்பின் இருமுறை பார்த்தேன். அவருடைய மகன் வந்தானா என்று கேட்டேன். "இன்னும் வரல தம்பி. வருவான்" என்றார். பிறகு அவரே, "உங்க பையன்?" என்றார். என் மகனைப் பற்றி அவரிடம் நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அன்று அவருக்காக எழுதும்போது என் கை தயங்கியதையோ என் முகம் வாடியதையோ அவர் கவனித்திருக்க வேண்டும். கேட்கத் தெரிந்தவர்களுக்குச் சொற்கள்கூடத் தேவைப்படுவதில்லை போலும்.

இப்போது நவநாளில் விண்ணப்பங்கள் வாசிக்கப்படும்போது ஒவ்வொன்றையும் கேட்க முயல்கிறேன். அன்பு வாசகர்களே, நீங்கள் திருச்சிக்கு வர நேர்ந்தால் பாலக்கரையில் இறங்குங்கள். கோவிலுக்குள் சென்று, கொண்டுவந்த விண்ணப்பத்தைச் சட்டைப் பையிலேயே சிறிது நேரம் வைத்துவிட்டு, அன்னையின் திருமுகத்தை நோக்கி அமருங்கள். வெளியே பேருந்துகள் ஒலி எழுப்பிக்கொண்டுதான் இருக்கும். இருக்கட்டும். உங்கள் அருகில் அமர்ந்திருப்பவர் ஏதேனும் சொல்லத் தொடங்கினால், அருள்கூர்ந்து அவருக்குச் செவிகொடுங்கள்.